கொடியடுப்பும் இரண்டாம் தட்டும்



லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் விரைவாகப் புரட்டிவிடுவது வழக்கம். எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்ற நீண்ட பட்டியல் அது. அதன் 35ஆம் வசனத்தில் செத்த பிராணி விழுந்து தீட்டுப்பட்ட அடுப்பை உடைத்துவிட வேண்டும் என்ற கட்டளை வருகிறது. அங்கே இரண்டு வகை அடுப்புகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று தன்னூர், அப்பம் சுடும் மண் உலை. உணவகப் பெயர்ப்பலகைகளில் நீங்கள் காணும் ‘தந்தூரி’ என்ற சொல் இதற்கு உறவு. மற்றொன்றின் பெயர் கிராயிம். இறையியல் கல்லூரியில் எபிரெய இலக்கணம் படித்த நாட்களில் இந்தச் சொல்லின் விகுதி என் மனத்தில் தங்கிவிட்டது. எபிரெயத்தில் ஒருமை, பன்மை தவிர இருமையும் உண்டு. கண்கள், கைகள், காதுகள் என்று இரண்டிரண்டாய் இருப்பவற்றிற்கு அந்த விகுதி சேரும். கிராயிம் அப்படிப்பட்ட இருமைச் சொல். இரண்டு பானைகளுக்கு இடமுள்ள அடுப்பு என்று அதற்குப் பொருள் கூறுவர். பிற்காலத்து யூத ஆசிரியர்களும், இரண்டு பானை வைக்க இடமுள்ள அடுப்புக்கு ஒரு பெயரும் ஒரே பானைக்கு இடமுள்ளதற்கு வேறொரு பெயரும் இட்டுப் பிரித்துப் பேசினார்கள்.

இதைப் படிக்கும் தமிழ்த் தாய்மார்கள் சிரித்துக்கொள்வார்கள் என்று அறிவேன். அவர்களுக்கு அகராதி தேவையில்லை. நம் வீடுகளில் இருந்த கொடியடுப்பு அதுவேதான்.

இளைய வாசகர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன். மண்ணைக் குழைத்து, வைக்கோல் தூளோ உமியோ கலந்து, கையால் பிடித்துச் செய்த அடுப்பு. முன்வாய் வழியாக விறகு தள்ளுவோம். மேல்வாயில் பானை அமர மூன்று குமிழ்கள் இருக்கும். பானையின் அடிக்கும் அடுப்பின் விளிம்புக்கும் இடையே தீ மூச்சு விட அந்தக் குமிழ்கள்தாம் வழிசெய்கின்றன. இதன் பக்கத்திலேயே சற்றுத் தள்ளி இன்னொரு வாய் இருக்கும். அதற்கு விறகு வைக்கும் முன்வாய் கிடையாது. தாயடுப்பிலிருந்து உட்புறமாக ஒரு துளை வழியே அனலும் தீநாக்கும் அங்கே செல்லும். செடியிலிருந்து கொடி படர்வதுபோலப் பக்கத்தில் படர்ந்திருப்பதால்தான் அதற்குக் கொடி என்று பெயர் வந்ததோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. தாயடுப்பில் சோறு கொதிக்கும்போது கொடியில் ரசமோ பாலோ வெந்நீரோ இருக்கும். வேகமான தீ அங்கே வராது; ஆகவே பொங்கி வழியவோ அடிபிடிக்கவோ செய்யாது. வடித்த சோறு ஆறாமல் இருக்கவும் அந்த இடமே ஏற்றது.

இதற்கென்று யாரும் கூடுதலாக ஒரு சுள்ளிகூட வைப்பதில்லை. ஒற்றை அடுப்பில் பானையின் பக்கவாட்டில் தப்பிப் போய்விடும் அனலை ஒரு துளை வெட்டித் திருப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் அந்தத் தொழில்நுட்பம்.

நீலகிரியில் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டாம் வாயின் அருமை சமவெளியாரைவிட நன்றாகத் தெரியும். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு பாகை குறையும். ஆகவே கோயம்புத்தூரில் கிட்டத்தட்ட 99 பாகையில் கொதிக்கும் தண்ணீர் உதகையில் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. துவரம்பருப்பு வேக மறுக்கும். குக்கர் வராத காலத்தில் பருப்புப் பானை ஒன்றே அடுப்பின் வாயைப் பாதிக் காலைக்குப் பிடித்துக்கொள்ளும். மற்ற பண்டங்கள் எங்கே போகும்? தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் காலை ஏழரை மணிக்குள் பிரட்டுக்கு நிற்க வேண்டிய பெண்ணுக்குக் கொடி இல்லாத அடுப்பு பெரும் பாரமாக இருந்திருக்கும்.

1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப்பின் இலங்கை மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இம்மலைகளில் வந்து குடியேறின. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே தேயிலைச் சரிவில் உள்ள எங்கள் சிற்றாலயத்திற்கு வரும் மூத்த தாய் ஒருவர் சிறுமியாக அப்படி வந்தவர். வந்த வாரத்திலேயே தம் தாயார் லைன் வீட்டின் மூலையில் கொடியோடு கூடிய அடுப்பைப் பிடித்தார் என்றும், அந்த அடுப்பு காய்ந்து முதல் உலை வைத்த பிறகுதான் தமக்கு அது வீடாகத் தெரிந்தது என்றும் அவர் என்னிடம் சொன்னதுண்டு. இந்த மலையின் பூர்வ குடிகளில் கோத்தர் குலப் பெண்கள் பானை வனைவதில் பெயர் பெற்றவர்கள். மண்ணும் நெருப்பும் இங்கே பெண்களின் கைக்கு எப்போதும் புதிதல்ல.

இந்த அடுப்பைப் படித்தவர்கள் கவனிக்காமல் விடவில்லை. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டாக்டர் எஸ். பி. ராஜு, ஒரே நெருப்பின் அனல் பல பானை வாய்களைக் கடந்து கடைசியில் புகைபோக்கி வழியே வெளியேறும்படி ஓர் அடுப்பை வடிவமைத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய ‘ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்’ என்ற நூலை 1953இல் வெளியிட்டது யார் தெரியுமா? சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். வேதாகம விளக்கவுரைகளையும் ஜெபப் புத்தகங்களையும் அச்சிடும் நிறுவனம், இலட்சக்கணக்கான சமையலறைகளின் புகையையும் தன் ஊழியத்திற்குள் சேர்த்துக்கொண்டது. இன்று நம் சபைப் புத்தக மேசைகளில் அடுப்பைப் பற்றி ஒரு புத்தகம் வைத்தால் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதற்கு முன்பே தஞ்சாவூரில் 1892இல் பிறந்த நம் ஜே. சி. குமரப்பா இருக்கிறார். இலண்டனில் கணக்காய்வுப் படிப்பை முடித்த அவர், 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று வார்தாவின் மகன்வாடியில் குடியமர்ந்தார். சிறையில் இருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் குறித்து நூல் எழுதியவர். அந்த மகன்வாடியிலிருந்துதான் ‘மகன் சூலா’ என்ற புகையில்லா அடுப்பு வெளிவந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தைச் சிந்திக்கிறவர் அதன் அடுப்படிக்குள் போய்ப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய சங்கத்தின் வழி. நான் அவரை மதிப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி இந்த வாரச் செய்திக்கு வருகிறேன். எங்கள் சபையில் ஒரு குடும்பத்தார் குன்னூர் அருகே விருந்தினர் தங்கும் இல்லம் நடத்துகிறார்கள். அவர்களிடம் முட்டை வடிவில், கனத்த மூடியுடன், பீங்கான் போன்ற சுட்ட மண்ணால் ஆன கரி அடுப்பு ஒன்று இருக்கிறது. இதன் பூர்வீகம் ஜப்பான். அங்கே ‘கமாடோ’ என்றால் அடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சோறு சமைக்கும் மண் அடுப்பைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுசென்று அதில் இறைச்சி வாட்டினார்கள். 1974இல் அட்லாண்டா நகரில் ‘பிக் கிரீன் எக்’ என்ற நிறுவனம் அதை விற்கத் தொடங்கி, பிறகு உலகெங்கும் பரவியது. சோற்றடுப்பு கடலைக் கடந்து இறைச்சியடுப்பாகி, மறுபடியும் ஆசியாவுக்கு விலையுயர்ந்த பொருளாய்த் திரும்பியிருக்கிறது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, திருவிருந்து ஆராதனைக்குப்பின் நாங்கள் ஒன்றாக உண்பது வழக்கம். முப்பது முப்பத்திரண்டு பேர் வருவார்கள். சோறும் குழம்பும் செங்கல் அடுப்பில் அண்டாவில் ஆகும். கோழித் துண்டுகள் மட்டும் இந்தக் கரி அடுப்பில் வேகும். அந்தக் குடும்பத்தார் மனமுவந்து அதைச் செய்து தருகிறார்கள். ஆனால் அதன் கம்பித்தட்டு 18 அங்குல வட்டம். பரப்பு ஏறக்குறைய 254 சதுர அங்குலம். ஒரு கோழித் தொடை பிறவற்றைத் தொடாமல் கிடக்க 12 சதுர அங்குலமாவது வேண்டும். ஆக, ஓர் ஈட்டுக்கு இருபது துண்டுகள். அவை வேக முக்கால் மணி நேரம். மிச்சம் பன்னிரண்டும் அடுத்த ஈட்டில்.

முதல் ஈடு யாருக்குப் போகும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? விருந்தினராக வந்தவர்கள், தூரத்திலிருந்து காரில் வந்தவர்கள், சபைக் குழுவினர் முதலில் அமருவார்கள். லைன் வீட்டுத் தாய்மார்கள் ‘நாங்க பொறவு சாப்பிடுறோம் ஐயா’ என்று தாங்களாகவே பாத்திரம் கழுவப் போய்விடுவார்கள். யாரும் அவர்களைப் போகச் சொன்னதில்லை. யாரும் இருக்கச் சொன்னதும் இல்லை. அவர்கள் உட்காரும்போது மணி மூன்றாகிவிடும்; மூடுபனி இறங்கிவிடும்; குழம்பில் எண்ணெய் ஏடு கட்டியிருக்கும்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருபது துண்டுகளுக்கு மட்டும் இடமுள்ள தட்டு ஒன்று, முப்பத்திரண்டு பேரை இரண்டு வகையாரகப் பிரித்துவிட்டது.

1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தைப் போதிக்கும்போது நாம் பெரும்பாலும் இராப்போஜன நிறுவல் வாக்கியங்களோடு நின்றுவிடுகிறோம். அதற்கு முன்னும் பின்னும் பவுல் கோபப்படுவது வேறொன்றுக்காக. சிலர் முந்திக்கொண்டு உண்கிறார்கள், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்படுகிறார்கள். ஜெரோம் மர்ஃபி – ஓ’கானர் என்ற வேத அறிஞர் 1983இல் வெளியிட்ட, பவுலின் கொரிந்து பட்டணத்தைப் பற்றிய நூலில், அங்கே தோண்டியெடுக்கப்பட்ட ஒரு பெரிய வீட்டின் அளவுகளை வைத்து இதற்கு விளக்கம் தேடினார். சாய்ந்து உண்ணும் அறையில் ஒன்பது பேருக்குத்தான் வசதி உண்டு. மற்றவர்கள் வெளிமுற்றத்தில் நெருக்கியடித்து இருந்திருக்க வேண்டும். வீட்டுத் தலைவன் யாரை உள்ளே அழைத்திருப்பான்? தன் நிலையிலுள்ள நண்பர்களை. வேலை முடிந்து தாமதமாக வரும் அடிமையும் கூலியாளும் முற்றத்தில். எல்லா அறிஞரும் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. சபை அப்படிப்பட்ட செல்வர் வீட்டில்தான் கூடியதா என்றே கேட்பவர்கள் உண்டு. இருந்தாலும் அறையின் அளவு ஆட்களை வரிசைப்படுத்திவிடும் என்ற அவருடைய கருத்து எங்கள் முற்றத்தில் கண்ணெதிரே நின்றது. பவுல் கடைசியில் சொல்லும் தீர்வும் மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார்.

காத்திருக்கலாம். எல்லோரும் இரண்டாம் ஈடு வேகும்வரை காத்திருந்து ஒன்றாக உட்காரலாம் என்று நான் சபைக் குழுவில் சொன்னபோது ஒப்புக்கொண்டார்கள். ஒரு மாதம் அப்படிச் செய்தோம். முதல் ஈட்டுக் கோழி ஆறிப்போயிற்று. சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் இருவர் தளர்ந்துபோனார்கள். குழந்தைகள் அழுதார்கள். நல்ல வசனம், நல்ல எண்ணம். ஆனாலும் அடுப்பில் இடம் இல்லை.

இன்னொரு அடுப்பு வாங்கலாம் என்றார் ஒருவர். அதன் விலையைக் கேட்டபின் யாரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அப்போதுதான் அந்த வீட்டு மகன், ‘மூடிக்கு அடியில் அவ்வளவு வெற்றிடம் இருக்கிறதே, மேலே ஒரு தட்டு வைத்தால் என்ன?’ என்று கேட்டான். மூடியை வைத்து மூடும் அடுப்பில் அனல் ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. கரியிலிருந்து எழும் சூட்டுக் காற்று மேலேறி, குவிந்த மூடியில் மோதித் திரும்புகிறது. மூடியின் சுவரும் சூடேறித் தன் பங்குக்கு அனலை வீசுகிறது. கீழ்த்தட்டுக்கும் மூடிக்கும் இடையே ஒரு சாண் உயரம் வெறுமனே சூடாகிக் கிடந்தது.

குன்னூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் தட்டைச் செய்யக் கொடுத்தோம். பட்டறைக்காரர் முதலில் கடையில் கிடைத்த வெள்ளி நிறக் கம்பிவலையை எடுத்தார். அது துத்தநாகம் பூசியது. மிகுந்த சூட்டில் துத்தநாகப் பூச்சு புகையாகும்; அந்தப் புகை நஞ்சு. உங்களில் யாராவது இப்படிச் செய்ய நினைத்தால், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். வர்ணம் பூசவும் விடாதீர்கள். 14 அங்குல வட்டம், ஐந்து அங்குல உயரத்தில் மூன்று கால்கள். மூன்று கால் என்றால் எந்தத் தட்டிலும் ஆடாது. நம் அடுப்புக் குமிழ்களும் அதனால்தான் மூன்று. 14 அங்குல வட்டத்தின் பரப்பு 154 சதுர அங்குலம். பன்னிரண்டு துண்டுகள் அதில் அமரும். கீழே இருபது, மேலே பன்னிரண்டு. கணக்கு கச்சிதமாக முடிந்ததில் எங்களுக்கு எல்லாம் சிறுபிள்ளைபோல மகிழ்ச்சி.

பட்டறையிலிருந்து வந்த தட்டு உண்மையில் 17 அங்குலம் இருந்தது. ‘பெரிசா இருந்தா நல்லதுதானே’ என்று அவர் தாராளமாகச் செய்துவிட்டார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. இலங்கையிலிருந்து சிறுமியாக வந்தவர் என்று மேலே சொன்னேனே, அந்தத் தாய் அப்போது பாத்திரம் எடுக்க அந்தப் பக்கம் வந்தார். தட்டை ஒருமுறை பார்த்தார். மூடியை ஒருமுறை பார்த்தார்.

“ஐயா, இது வாயை அடைச்சிருமே. அனல் எப்பிடி மேல போவும்?”

“சுற்றிலும் கொஞ்சம் இடம் இருக்கிறதே, அம்மா.”

“கோழிய நெருக்கி அடுக்கினா அந்த எடமும் இருக்காதுங்க. கொடிக்குத் தொளை சின்னதாப் போனா புகைதான் வரும், தீ வராது. ஓரத்துல நாலு விரக்கட விடச் சொல்லுங்க.”

அவர் அந்த அடுப்பில் ஒருநாளும் சமைத்ததில்லை. ஆனால் எந்த அடுப்புக்கும் பொருந்தும் ஒன்றை அறிந்திருந்தார். மூடிய அடுப்பில் கீழ்த்துளை வழியே காற்று நுழைந்து, கரியை எரித்து, மேல்துளை வழியே வெளியேற வேண்டும். நடுவில் எங்கே அடைத்தாலும் கரி மங்கும், அனல் குறையும், கசந்த புகை உணவில் ஏறும். தட்டை மறுபடி பட்டறைக்கு அனுப்பி 14 அங்குலமாக வெட்டிச் சுருக்கினோம். சுற்றிலும் ஏறத்தாழ இரண்டு அங்குலம் கிடைத்தது. நாலு விரற்கடை இல்லை, இருந்தாலும் போதும் என்று அவர் அனுமதி தந்தார்.

அனுபவத்தில் கண்ட இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். தொடைத்துண்டு வாட்டுவதற்குக் கரிக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே ஒரு மண் பலகை வைக்க வேண்டும். இல்லையேல் நேர்த்தீயில் கீழே உள்ளவை கருகிவிடும். பலகை வைத்தபின் மேல்தட்டு மூடிக்கு அருகில் இருப்பதால் சூடு அங்கேதான் அதிகம். ஆகவே மேலே உள்ளவை பத்து நிமிடம் முந்தி வெந்துவிடுகின்றன. பாதி நேரத்தில் இடம் மாற்றினால் சமமாகும். காய்கறி வைப்பதானால் மேலே காய், கீழே கோழி. பச்சை இறைச்சியின் நீர், வெந்துகொண்டிருக்கும் காரட்டின் மேல் சொட்டக் கூடாது. முப்பத்திரண்டு குளிர்ந்த துண்டுகளை ஒரேயடியாக வைத்தவுடன் சூடு சட்டென்று இறங்கும். பயந்து காற்றுத் துளையை முழுவதும் திறந்துவிடாதீர்கள். கனத்த மண் சுவர் சூட்டை மெல்ல வாங்கி மெல்லத்தான் விடும். அளவுக்கு மிஞ்சிச் சூடேறிவிட்டால் அதை இறக்க அரைமணிக்கு மேல் ஆகும். கால்மணி பொறுத்திருந்தால் தானாகவே ஏறிவிடுகிறது. மூடியைத் திறக்கும்போது முதலில் இரண்டு விரல் அளவு மட்டும் தூக்கிச் சற்று நிறுத்துங்கள். காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் கரி, மூடி சட்டெனத் திறந்தால் குப்பென்று முகத்துக்கு நேரே தீயை எழுப்பும்.

கரி என்பது ஓர் உணவைக் காட்டிலும் ஓர் இடமாகவே யோவான் சுவிசேஷத்தில் வருகிறது. கரிநெருப்பைக் குறிக்கும் ‘அந்த்ரக்கியா’ என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் உள்ளது, இரண்டும் யோவானில். ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்த முற்றம். மற்றொன்று, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் மூட்டியிருந்த நெருப்பு. இந்த இணைப்பைப் பலமுறை பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நான் இப்போது பார்ப்பது அதற்கு அடுத்த வசனத்தை, 21:10ஐ. சீஷர்கள் ஏழு பேர் கரையேறும்போதே நெருப்பின்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. விருந்தளிப்பவர் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர், நீங்கள் இப்போது பிடித்த மீன்களிலும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள் என்கிறார். ஏன்? கரைமேல் இருந்தது போதவில்லையா? உரையாசிரியர்கள் இதில் பல தத்துவங்களைக் கண்டிருக்கிறார்கள். அடுப்படியில் நின்ற மனிதனாக எனக்குத் தெரிவது, அந்தச் சிறிய கரிநெருப்பின்மேல் அவர்களுடைய மீனுக்கும் அவர் இடம் விட்டிருந்தார் என்பதே. இராமுழுதும் உழைத்தவர்கள் தாங்கள் கொண்டுவந்ததும் அதே நெருப்பில் வேகக் கண்டார்கள்.

புதிய தட்டோடு நாங்கள் உண்ட முதல் ஞாயிறு, பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கோழி ஒன்றரை மணிக்கு ஒரே நேரத்தில் இறங்கிற்று. பழக்கத்தின்படி சில தாய்மார் பாத்திரத்தின் பக்கம் நடந்தார்கள். கழுவுவதற்கு அப்போது எதுவுமே இல்லை. எல்லாத் தட்டுகளும் உணவோடு மேசையில் இருந்தன. சற்றுத் தயங்கி நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்த மூத்த தாய் எனக்கு எதிரே அமர்ந்தார். கோழியைப் பிய்த்து வாயில் வைத்துவிட்டு, “உப்பு பத்தல” என்றார். பல ஆண்டுகளாக எங்கள் விருந்தில் உண்டுவருபவர். சமையலைப் பற்றி அவர் ஒரு குறை சொல்லி அன்றுதான் நான் கேட்டேன். அடுத்த மாதம் கோழிக்கு மசாலா தடவும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரு காரியத்தைச் சொல்லாமல் இதை அனுப்ப எனக்கு மனமில்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கே உறைபனி விழும். கரி அடுப்பில் சமைத்து முடித்தபின் தணல் அழகாகச் சிவந்து கிடக்கும். புகையே இராது. அதை ஒரு சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால் இதமாக இருக்குமே என்று தோன்றும். குமுட்டி அடுப்பை அப்படி வைத்துக்கொண்டு உறங்கி, விடியலில் எழாத ஓர் இளைஞனின் அடக்க ஆராதனையை நான் நடத்தியிருக்கிறேன். சமவெளியிலிருந்து வாகனம் ஓட்டி வந்தவன். இந்தக் குளிர் அவனுக்குப் பழக்கமில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலந்தோறும் இப்படிப்பட்ட செய்திகளை நீங்கள் படிக்கிறீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், அவ்வளவுதான் எச்சரிக்கை. தூங்குகிறவனுக்கு அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. ஜன்னலைச் சிறிது திறந்துவைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். தணல் வீட்டுக்குள் வரவே கூடாது. உங்கள் வீட்டில் விருந்தினராகத் தங்குகிறவர்களுக்கு இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு கம்பளி கொடுங்கள்.

மூடியுள்ள மண் அடுப்பில் இதற்கு வசதி உண்டு. உண்டு முடித்ததும் கீழ்த்துளை, மேல்துளை இரண்டையும் அடைத்து, அடுப்பை வெளியிலேயே விட்டுவிட்டால் காற்றில்லாமல் கரி தானே அணைந்துவிடும். மறுநாள் மூடியைத் திறந்தால் பாதிக் கரி எரியாமல் மிஞ்சியிருக்கும். நம் பாட்டிமார் சோறு வடித்ததும் கொள்ளியை இழுத்து நீர் தெளித்துக் கரி சேர்த்து வைத்தார்களே, அதேதான். எங்களிடம் இப்போது அரைச் சாக்கு இருக்கிறது. அடுத்த விருந்து ஞாயிறுக்குப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. தட்டின் அளவுகள் வேண்டுவோர் எனக்கு எழுதுங்கள். பட்டறைக்குக் கொடுத்த வரைபடத்தை அனுப்புகிறேன். 14 அங்குலம் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.